சம்மன் வந்த சாட்சி எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் இருக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு கோர்ட்டில் 22 வருடமாகக் கிரிமினல் வழக்கு நடத்துகிறேன். முன்பெல்லாம் அடிதடி, செக் வழக்கு, வரப்புத் தகராறு என்றுதான் ஆட்கள் வருவார்கள். இப்போது இன்னொரு வகை ஆட்களும் வருகிறார்கள். டிரைவர், மைக்செட்காரர், லாரி புக்கிங் ஆபீஸ் கணக்குப்பிள்ளை, கல்யாண மண்டப மேனேஜர். கையில் ஒரு சம்மன் இருக்கும். முகத்தில் நாலு நாள் தூக்கமில்லாதது தெரியும்.

கொங்கு நாட்டில் பெரிய வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. 2017 ஏப்ரலில் கொடநாடு எஸ்டேட்டில் காவலாளி கொல்லப்பட்டு கொள்ளை நடந்தது. 2022இல் அந்த வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது. அதே வருடம் அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் கார் வெடித்தது, தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. வந்தது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் கட்சிக் கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் அக்டோபரில் அதை சி.பி.ஐ.க்கு மாற்றியது. இவற்றில் யார் குற்றவாளி, சதி இருந்ததா இல்லையா என்று நான் இங்கே பேசவில்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் சாட்சியாகக் கூப்பிடப்படும் சாதாரண ஆட்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நான் வெறும் சாட்சிதானே? எனக்கு எதற்கு உரிமையும் வக்கீலும்?

பவானி பக்கத்திலிருந்து ஒரு மண்டப மேனேஜர் வந்தார். (ஊரையும் வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன், அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) கல்யாணப் பத்திரிகை வைத்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரி மஞ்சப்பைக்குள் சம்மனை மடித்து வைத்திருந்தார். "ஏனுங்க, நான் சாவி குடுத்தேன், வாடகை வாங்குனேன். அதுல என்னங்க தப்பு?" என்றார். தப்பே இல்லை. அப்புறம் மண்டபத்து வாடகை நோட்டை எடுத்துக் காட்டினார். குறிப்பிட்ட ஒரு தேதிக்கு நேராக முதலில் பென்சிலில் எழுதிய ஒரு பெயரை ரப்பரால் அழித்துவிட்டு, மேலே நீல மையில் வேறு பெயர் எழுதியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பழைய பெயரின் அழுத்தம் அப்படியே தெரிந்தது. "இதை யாருங்க அழிச்சது?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. டீ ஆறும் வரைக்கும் வரவில்லை.

அவர் சாட்சிதான். ஆனால் குற்றவாளியைக் காப்பாற்றுவதற்காகத் தடயத்தை அழிப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். கூட்டுச்சதி வழக்கில் சாட்சிக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நடுவே இருப்பது மெல்லிய கோடு. சதி என்றாலே ஒருவர் வண்டி கொடுத்தார், ஒருவர் அறை கொடுத்தார், ஒருவர் போன் அடித்தார் என்று சின்னச் சின்னச் செயல்களைக் கோத்துத்தான் வழக்கு கட்டுவார்கள். சதி நடந்ததாக நம்ப முகாந்திரம் இருந்தால், கூட்டாளி ஒருவர் அந்த நோக்கத்துக்காகச் சொன்னதும் செய்ததும் மற்றவர்களுக்கு எதிராகவும் எடுத்துக்கொள்ளப்படும். அதனால் இந்த வகை வழக்கில் சாதாரணமாகத் தெரியும் ஒரு பதில்கூட உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

இந்த உரிமை எங்கே எழுதியிருக்கிறது?

மூன்று இடத்தில். அரசியலமைப்புச் சட்டம் 20(3)ஆம் பிரிவு: குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. போலீஸ் விசாரணைக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180(2)ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் இது 161(2). கேட்கும் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் தன்னைக் குற்ற வழக்கிலோ அபராதத்திலோ மாட்டிவிடக்கூடிய கேள்விகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று அது சொல்கிறது. கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நிற்பவருக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 137ஆம் பிரிவு. கூண்டு விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி, பின்னால் வருகிறேன்.

20(3) "குற்றம் சாட்டப்பட்டவர்" என்றுதானே சொல்கிறது? சாட்சிக்கு எப்படிப் பொருந்தும்?

இதற்கான பதில் ஒரு அரசியல் வழக்கிலிருந்தே வந்தது. ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியைச் சொத்துக் குவிப்பு விசாரணைக்காக 1977இல் கட்டாக் விஜிலன்ஸ் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி, எழுதி வைத்த நீண்ட கேள்விப் பட்டியலைக் கொடுத்தார்கள். அவர் பதில் சொல்ல மறுத்தார். மறுத்ததே குற்றம் என்று அவர் மேல் வழக்குப் போட்டார்கள். 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இன்றுவரை நமக்கு அடித்தளம். கோர்ட்டில் ஏறும்போது மட்டுமல்ல, போலீஸ் விசாரணைக் கட்டத்திலேயே பாதுகாப்பு தொடங்குகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமல்ல, சந்தேகத்துக்கு உள்ளானவருக்கும் உண்டு. விசாரிக்கும் வழக்கு மட்டுமல்ல, உங்கள் மேல் நிலுவையில் இருக்கும் அல்லது வரப்போகும் வேறு வழக்கில் சிக்கவைக்கும் கேள்வியாக இருந்தாலும் உண்டு. பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொன்னதே தவறு என்றும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது.

அந்தத் தீர்ப்பின் முடிவை நம்ம ஆட்கள் பாதிதான் கேட்டிருக்கிறார்கள். அவர் மேலிருந்த வழக்கை நீதிமன்றம் நிறுத்தியது. ஆனால் சும்மா நிறுத்தவில்லை. தன்னைச் சிக்கவைக்காத மற்றக் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டின் பேரில்தான் நிறுத்தியது.

அப்படியென்றால் வாயே திறக்காமல் இருந்துவிடலாமா?

கூடாது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இது கேள்விக்குக் கேள்வி பார்த்துப் பயன்படுத்தும் உரிமை. "எதற்கும் பதில் சொல்ல மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டால், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் மறுத்த குற்றம் வரும். பாரதிய நியாய சன்ஹிதா 214ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம்.

மேனேஜரை உட்கார வைத்து, கேட்கப்படக்கூடிய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். மண்டபத்துக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு? சொல்லலாம். அன்றைக்கு யார் வந்து சாவி வாங்கியது? சொல்லலாம். எத்தனை மணிக்கு, எத்தனை வண்டி, கேமரா வேலை செய்ததா? எல்லாம் சொல்லலாம். நோட்டில் பெயரை அழித்தது யார், யார் சொல்லி அழித்தது? அந்த இரண்டு இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னேன். ஒன்றரை மணி நேர விசாரணையில் அவருக்குத் தேவைப்பட்ட உரிமை இரண்டே கேள்விக்குத்தான்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் பலர் "தெரியாதுங்க" என்று விழுந்துவிடுகிறார்கள். மரியாதையாக, தெளிவாக இப்படிச் சொல்லுங்கள்: "ஐயா, இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் என் மேலேயே குற்ற வழக்கு வரக்கூடும் என்று நினைக்கிறேன். 180(2)ஆம் பிரிவின்படியும் அரசியலமைப்புச் சட்டம் 20(3)இன்படியும் இதற்கு மட்டும் பதில் சொல்ல விரும்பவில்லை. மற்றக் கேள்விகளைக் கேளுங்கள், சொல்கிறேன். நான் இப்படிச் சொன்னதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்." கடைசி வாக்கியம் முக்கியம்.

"தெரியாது", "ஞாபகமில்லை" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாதா?

உண்மையிலேயே ஞாபகமில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஞாபகம் இருந்தும் சொன்னால் அது பொய். பதில் சொல்ல மறுப்பதைச் சட்டம் காப்பாற்றுகிறது, பொய்யைக் காப்பாற்றுவதில்லை. இன்றைக்கு டவர் லொகேஷன், சுங்கச்சாவடிக் கேமரா, யு.பி.ஐ. கணக்கு எல்லாம் அவர்கள் மேஜைமேல் இருக்கும். பல கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்கள். நீங்கள் சொல்லும் "தெரியாதுங்க" அன்றைக்கு உங்களைக் காப்பாற்றியது போலத் தெரியும். இரண்டு மாதம் கழித்து "இந்த ஆள் மறைக்கிறான்" என்று அதுதான் கோப்பில் நிற்கும்.

சம்மனில் நான் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பிரிவு எண்ணை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179 என்றிருந்தால் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். 35(3) என்றிருந்தால் உங்கள் மேலேயே சந்தேகம் இருக்கிறது, ஆனால் உடனே கைது செய்யவில்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 35(3) வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

179ஆம் பிரிவில் எழுத்து மூலமாகத்தான் கூப்பிட வேண்டும். "சும்மா ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்று போனில் கூப்பிட்டால், பணிவாக நோட்டீஸ் கேளுங்கள். கேட்பது எதிர்ப்பு ஆகாது. 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதைத் தாண்டிய ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை அவர்கள் வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பினால் மட்டும் ஸ்டேஷனுக்குப் போகலாம். 70 வயது அப்பச்சியைக் காலை பத்து மணியிலிருந்து பெஞ்சில் உட்கார வைத்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அது நடந்திருக்காது.

போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டுமா?

வேண்டாம். 181ஆம் பிரிவு கையெழுத்து வாங்கவே கூடாது என்கிறது. ஆனால் மாஜிஸ்ட்ரேட் முன் 183ஆம் பிரிவில் கொடுக்கும் வாக்குமூலம் சத்தியப் பிரமாணத்தோடு கொடுப்பது, கையெழுத்து உண்டு. அங்கே சொன்னதைப் பின்னால் மாற்றினால் பொய்ச் சாட்சி வழக்கு வரலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

போலீஸிடம் ஒப்புக்கொண்டால் அது செல்லாது என்கிறார்களே, பிறகு என்ன பயம்?

செல்லாது என்பது உண்மை. அதற்குப் பின்னால் நம்ம மண்ணின் கண்ணீர் இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855இல் அறிக்கை கொடுத்தது. கோயமுத்தூர் ஜில்லாவும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. விரல்களைக் கட்டைக்கு நடுவே வைத்து நெருக்கும் கிட்டியும், குனிய வைத்துக் கயிற்றால் கட்டிப்போடும் அண்ணாந்தாளும் அந்த ஆங்கில அறிக்கையில் தமிழ்ப் பெயரோடேயே பதிவாகியிருக்கின்றன. "கிட்டி போட்டு நெருக்குறாங்க" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தக் கிட்டிதான். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்ற விதி 1861இல் நடைமுறைச் சட்டத்திலும், 1872இல் சாட்சியச் சட்டத்திலும் வந்தது. இப்போது அது சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவு.

ஆனால் அதே பிரிவில் ஒரு கதவு திறந்திருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். தவிர, நீங்கள் வாய்தவறிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போய் வேறு பத்து ஆதாரம் தேடலாம். அதனால் "செல்லாது, சொல்லிவிட்டுப் போ" என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

போனை வாங்கிக்கொண்டு பாஸ்வேர்டு கேட்டால்?

உடலிலிருந்து எடுப்பது வேறு, மனதிலிருந்து எடுப்பது வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1961இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் கொடுப்பது தனக்கெதிரான சாட்சியம் ஆகாது என்றது. 2019இல் குரல் மாதிரியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 2010 செல்வி வழக்கில், சம்மதமில்லாமல் உண்மை கண்டறியும் சோதனையோ மயக்க மருந்து கொடுத்து விசாரிப்பதோ கூடாது என்று தீர்ப்பானது, ஏனென்றால் அது மனதிலிருந்து பிடுங்குவது. பாஸ்வேர்டு மனதில் இருப்பது. இதில் கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி சிறப்பு நீதிமன்றமும் வேறு வேறு கோணத்தில் தீர்ப்பளித்திருக்கின்றன. என் ஆலோசனை: எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள், எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுங்கள். போனில் இருப்பதை அழிக்க மட்டும் செய்யாதீர்கள். ரப்பர் வைத்து அழித்த கதையை மேலே படித்தீர்கள் அல்லவா?

கோர்ட்டில் கூண்டில் நிற்கும்போதும் இப்படி மறுக்கலாமா?

முடியாது. வழக்குக்குச் சம்பந்தப்பட்ட கேள்வி என்றால், பதில் தன்னைச் சிக்கவைக்கும் என்ற காரணத்துக்காகச் சாட்சி தப்பிக்க முடியாது என்று 137ஆம் பிரிவு சொல்கிறது. இதைக் கேட்டதும் எல்லாரும் பதறுவார்கள். பதறாமல் அடுத்த வரியையும் படியுங்கள்: அப்படிக் கட்டாயத்தின் பேரில் சொன்ன பதிலை வைத்து அவரைக் கைது செய்யவோ, வழக்குப் போடவோ, வேறு குற்ற வழக்கில் அவருக்கு எதிராகக் காட்டவோ முடியாது. பொய்ச் சாட்சி சொன்னதற்கான வழக்கு மட்டும் விதிவிலக்கு. ஆக, போலீஸ் முன்னால் வாயை மூடும் உரிமை, கோர்ட்டில் வாயைத் திறந்தால் கிடைக்கும் கேடயமாக மாறுகிறது.

இந்தக் கேடயம் பற்றித் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2015இல் உச்ச நீதிமன்றம் சாட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் நான் சாட்சிகளிடம் சொல்வது: நீதிபதியைப் பார்த்து, "ஐயா, இது என்னைச் சிக்கவைக்கும் கேள்வி. கோர்ட் உத்தரவிட்டால் சொல்கிறேன்" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அது பதிவாகட்டும். மேனேஜரும் அப்படித்தான் செய்தார். விசாரணை அதிகாரியிடம் சொல்லாத அந்த இரண்டு பதிலையும் கூண்டில் சொன்னார், நீதிபதி உத்தரவிட்ட பிறகு. நோட்டின் அந்தப் பக்கத்தை அவர் கையிலேயே கொடுத்துக் காட்டச் சொன்னார்கள். பென்சில் தழும்பு மேல் விரல் வைத்தபோது விரல் நடுங்கியதை நான் பின் வரிசையிலிருந்து பார்த்தேன். ஆனால் குரல் நடுங்கவில்லை.

அமலாக்கத்துறை சம்மன் என்றால் இதே விதிதானா?

இல்லை. இங்கே ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவில் அனுப்பும் சம்மன் வேறு ரகம். 2022 ஜூலை 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி அமலாக்கத்துறை அதிகாரிகள் போலீஸ் அதிகாரிகள் அல்ல. சம்மன் கட்டத்தில் விசாரிக்கப்படுபவர் 20(3)ஐக் காட்ட முடியாது. அங்கே கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அது ஆதாரமாகவும் செல்லும். பொய் சொன்னால் நீதிமன்றத்தில் பொய் சொன்னதற்குச் சமம். பதில் சொல்லவோ கையெழுத்துப் போடவோ மறுத்தால் ஒவ்வொரு தடவைக்கும் 500 முதல் 10,000 ரூபாய் வரை தண்டம். சம்மனையே புறக்கணித்தால் தனி வழக்கு. மணல் விவகாரத்தில் கரூர் உள்ளிட்ட ஐந்து மாவட்ட கலெக்டர்களையே நேரில் ஆஜராகும்படி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கலெக்டருக்கே அப்படி என்றால் நமக்கு எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தீர்ப்பு எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஒரே மனிதரை ஒரே விஷயத்துக்காக இரண்டு கட்டிடத்தில் கூப்பிடுகிறார்கள். ஒன்றில் உரிமை உண்டு, இன்னொன்றில் இல்லை. ஆனாலும் சில பிடிகள் இருக்கின்றன. கைதான பிறகு 20(3) பாதுகாப்பு வரும். அமலாக்கத்துறையின் ஒரு வழக்கில் காவலில் இருப்பவரிடம் இன்னொரு வழக்குக்காக வாங்கிய, அவரையே சிக்கவைக்கும் வாக்குமூலம் செல்லாது என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்கள் ஆங்கிலத்தில் டைப் செய்தால், "எனக்குத் தமிழ்தான் வரும், தமிழில் என் கையால் எழுதித் தருகிறேன்" என்று கேளுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மிரட்டி வாங்கியது என்றால் வெளியே வந்த அன்றே வக்கீல் மூலம் எழுத்தில் மறுத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுத்தால் எடுபடாது.

விசாரணை ஆணையத்தில்?

நீதிபதி தலைமையில் அரசு அமைக்கும் ஆணையம் தண்டனை கொடுக்காது, அறிக்கை கொடுக்கும். 1998 பிப்ரவரி 14 கோவைக் குண்டுவெடிப்புக்குப் பிறகு நீதிபதி கோகுலகிருஷ்ணன் ஆணையம் இப்படித்தான் விசாரித்தது. ஆணையத்தின் கேள்விக்குச் சொன்ன பதிலை வைத்து உங்கள் மேல் சிவில், கிரிமினல் எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது என்று 1952ஆம் வருட விசாரணை ஆணையச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது; பொய் சொன்னால் மட்டும் மாட்டும். ஆனால் ஆணையத்திலும் போலீஸ் வழக்கிலும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால், இங்கே சொன்னதைப் படித்துவிட்டு அங்கே கேள்வி தயாராகும். வக்கீலைக் கலந்துகொண்டு போங்கள்.

என்.ஐ.ஏ. என்றால்?

180(2) உரிமை அங்கேயும் உண்டு. ஆனால் உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 43எஃப் பிரிவில், எஸ்.பி.யின் எழுத்து அனுமதியோடு தகவல் கேட்டு, கொடுக்காமல் விட்டால் மூன்று வருடம் வரை சிறை. தனியாகப் போகாதீர்கள்.

வக்கீலைக் கூட அழைத்துப் போகலாமா?

நந்தினி சத்பதி தீர்ப்பு வக்கீலை அனுமதிப்பது நல்லது என்கிறது. கைதானவருக்கு, விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38ஆம் பிரிவில் உரிமை உண்டு, முழு நேரமும் இல்லை என்றாலும். சாட்சிக்கு நடைமுறையில் வக்கீல் வெளியே வராந்தாவில்தான் நிற்பார். நின்றாலும் போதும், சந்தேகம் வந்தால் "வெளியே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறார்.

அப்ரூவர் ஆகிவிடு என்கிறார்களே?

அப்ரூவர் என்றால் குற்றத்தில் தனக்குப் பங்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டு, முழு உண்மையும் சொல்வதாக உறுதி கொடுத்துக் கோர்ட்டிடம் மன்னிப்பு வாங்குவது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 343ஆம் பிரிவு. போலீஸ் தர முடியாது, மாஜிஸ்ட்ரேட் தர வேண்டும். பாதியை மறைத்தால் மன்னிப்பு போய்விடும். பங்கே இல்லாத சாட்சி பயந்துபோய் இதற்குத் தலையாட்டக் கூடாது.

அமெரிக்காவில் டி.வி.யில் "ஐந்தாவது திருத்தம்" என்று சொல்லியே எழுந்து போகிறார்களே?

1791இல் வந்த அந்தத் திருத்தமும் நம்முடைய 20(3)உம் ஒரே குடும்பம், ஆனால் அங்கே வீச்சு அதிகம். நாடாளுமன்றக் குழு முன்னாலும் சாட்சி அதைச் சொல்லலாம். 2021 ஜனவரி 6 கலவரத்தை விசாரித்த குழு முன் பலர் சொன்னார்கள். 2022 ஆகஸ்டில் நியூயார்க் மாநில விசாரணை ஒன்றில் டிரம்ப் 400 தடவைக்கு மேல் சொன்னார். அங்கே கிரிமினல் வழக்கில் மௌனத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள முடியாது, சிவில் வழக்கில் எடுத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு உத்தரவாதம் கொடுத்துவிட்டுப் பேச வைக்கும் வழியும் உண்டு. 1987இல் ஈரான் ஆயுத விவகாரத்தில் ஆலிவர் நார்த் என்ற ராணுவ அதிகாரி அப்படிச் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியம் வழக்கில் கலந்திருக்கலாம் என்பதாலேயே பின்னால் அவருடைய தண்டனை அடிபட்டுப் போனது. நம்ம 137ஆம் பிரிவுக் கேடயத்தின் அண்ணன் என்று சொல்லலாம். அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்து மொத்தமாக மறுத்தால் மட்டும் சிக்கல்.

குற்றம் செய்யாதவன் ஏன் வாயை மூட வேண்டும்? பேசாமல் இருப்பதே ஒப்புக்கொண்ட மாதிரிதானே?

இந்தக் கேள்வி டீக்கடையில் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். எதிர்க்கட்சிக்காரர் பேசாமல் இருந்தால் "கள்ளன்" என்கிறார்கள். தன் கட்சிக்காரர் பேசாமல் இருந்தால் "அரசியல் பழிவாங்கல்" என்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டேறிச் சாட்சி சொல்லாததை யாரும் விமர்சிக்கவோ அவருக்கு எதிராக ஊகிக்கவோ கூடாது என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 353ஆம் பிரிவு சொல்கிறது. கோர்ட்டே ஊகிக்கக் கூடாததை டீக்கடை ஊகிக்கலாமா?

கூட்டுச்சதி என்பதைத் தனிக் குற்றமாக இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்தது 1913இல், வெள்ளைக்காரன் காலத்தில். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் குடும்பத்தில் பிறந்த மோகன் குமாரமங்கலம், பி.ராமமூர்த்தியோடு சென்னைச் சதி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டார். 1908இல் தண்டிக்கப்பட்ட வ.உ.சி. செக்கிழுத்தது நம்ம கோவைச் சிறையில். ஆட்சியில் இருப்பவர்கள் தங்களுக்கு ஆகாதவர்களை எப்போதும் சதிகாரர்கள் என்றுதான் சொன்னார்கள். இன்றைக்குப் பிடிக்காத கட்சிக்காரன் பயன்படுத்தும் அதே உரிமைதான் நாளைக்கு நம்ம வீட்டுப் பையன் கையிலும் இருக்கப் போகிறது.

கட்சியே வக்கீல் வைத்துத் தருகிறது. அவர் "எதுவும் தெரியாதுன்னு சொல்லிடு" என்கிறார். கேட்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மேனேஜர் என்னிடம் வருவதற்கு முன் இரண்டு நாள் அப்படி ஒரு வக்கீலோடுதான் இருந்திருக்கிறார். பணம் வேண்டாம், கார் அனுப்புகிறோம், சாப்பாடு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நன்றியில் கண் கலங்கிப் போனார். அந்த வக்கீல் சொல்லிக் கொடுத்த பதில்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். படித்துப் பார்த்தேன். அதில் இருந்த ஒவ்வொரு பொய்யும் பெயரை அழிக்கச் சொன்னவரைக் காப்பாற்றியது. அழித்த கை மட்டும் வெளியே நின்றது.

20(3) தரும் பாதுகாப்பு தன்னைக் காப்பதற்குத்தான். தலைவரைக் காப்பாற்றவோ, மாவட்டச் செயலாளரைக் காப்பாற்றவோ, மச்சானைக் காப்பாற்றவோ அதைப் பயன்படுத்த முடியாது. "இதைச் சொன்னால் அண்ணன் மாட்டிக்கொள்வார்" என்பது சட்டப்படி காரணமே அல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் உரிமையை இன்னொருவர் உங்கள் சார்பில் எடுத்துப் பயன்படுத்தவும் முடியாது. உங்களுக்கும் உங்களைக் கூட்டிப்போகிறவருக்கும் நலன் ஒன்றா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று இல்லை என்றால் வக்கீலும் ஒன்றாக இருக்கக் கூடாது. கட்சிக்கு விசுவாசமாக இருங்கள், தப்பில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் உங்களுக்காக மட்டும் யோசிக்கிற ஒரு வக்கீலிடம் உட்காருங்கள்.

மிரட்டல் வந்தால்?

2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் நாடு முழுக்கச் சட்டம் போலவே செல்லும். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். டி.எஸ்.பி. அளவிலான அதிகாரி ஆபத்து பற்றி அறிக்கை கொடுப்பார். வீட்டுக்குக் காவல், போன் எண் மாற்றம், திரை மறைவில் சாட்சி சொல்வது வரை கேட்கலாம். வந்த மெசேஜை அழிக்காதீர்கள், தேதி நேரத்தோடு வைத்திருங்கள். இரவில் மிரட்டல் வந்தால் 112க்கு அடியுங்கள், அந்த அழைப்பே பதிவு.

வக்கீல் வைக்க வசதியில்லை. என்ன செய்வது?

மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவசமாகச் சட்ட உதவி உண்டு. போனில் 15100. சம்மனின் நகல், ஆதார் நகல் இரண்டும் எடுத்துக்கொண்டு, ஆஜராக வேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்னாலேயே போய்விடுங்கள். கடைசி நாள் காலையில் போனால் வக்கீல் உங்கள் நோட்டைப் புரட்டிப் பார்க்க நேரம் இருக்காது.